இடக்கையில் மூன்று விரல்

திருப்பூர் நகரின் எந்தத் தெருவில் நின்று செவி கொடுத்தாலும் ஏதாவது ஒரு யந்திரம் சுழலும் ஓசை கேட்காமல் இராது. நிட்டிங் சாலைகளிலே ஆளுயர யந்திரங்கள் வட்டமாகச் சுழன்று நூலைத் துணியாக்குகின்றன. பவர் டேபிள்களிலே தையல் யந்திரங்கள் வரிசையாக ஓடுகின்றன. சாயப்பட்டறையிலே பம்பு, அடுத்த வீட்டுச் சமையலறையிலே மாவரைக்கும் கிரைண்டர். பெயரும் உருவமும் வேறுபட்ட இவை யாவற்றையும் சுழற்றுவது ஒரே விஷயந்தான். காந்தத்தின் எல்லைக்குள் இருக்கும் ஓர் உலோகக் கம்பியில் மின்சாரம் ஓடும்போது, அந்தக் கம்பியின்மேல் ஒரு தள்ளுவிசை உண்டாகிறது. அவ்விசை எத்திசையில் தள்ளும், அதை முன்கூட்டியே அறிவது எப்படி என்பதைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம்.

எப்படியோ தள்ளினால் சரி, திசையைப் பற்றி என்ன கவலை என்று வாசகர்கள் கேட்கலாம். கவலை உண்டு. ஒரு நிட்டிங் யந்திரத்தை எடுத்துக்கொள்வோம். 30 அங்குல விட்டமும் 24 கேஜும், அதாவது அங்குலத்துக்கு 24 ஊசியும் கொண்ட யந்திரமானால், அதன் உருளையைச் சுற்றி 2200-க்கு மேற்பட்ட ஊசிகள் நிற்கும். ஒவ்வோர் ஊசியின் தலையிலும் ஒரு கொக்கி. அக்கொக்கியை மூடித் திறக்கச் சின்னஞ்சிறு நாக்கு ஒன்று. ஊசிகளை ஏற்றி இறக்குவதற்காகச் சுற்றிலும் கேம்கள் என்னும் சரிவுப் பாதைகள் அமைந்திருக்கின்றன. அப்பாதைகள் ஒரு பக்கச் சுழற்சியைக் கருதியே வெட்டப்பட்டவை. யந்திரம் மறுபக்கம் சுழலுமாயின் ஊசிகள் ஏற வேண்டிய இடத்தில் மோதும், நாக்கு முறியும், கொக்கி வளையும். முறிந்த ஊசிகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து மாற்றி, மறுபடியும் துணியை ஏற்றுவதற்குள் அன்றைய வேலை போயிற்று. ஆர்டருக்கு நாள் குறித்துக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் சிறு முதலாளிக்கு அது சாதாரண நஷ்டமன்று.

மோட்டார் திடீரென்று மறுபக்கம் சுழல்வானேன்? தெருமுனை டிரான்ஸ்பார்மரைப் பழுது பார்த்து மறுபடி இணைக்கும்போதோ, யந்திரத்தை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போதோ, மூன்று கம்பிகளில் இரண்டு இடம் மாறிவிட்டால் போதும். கொங்கு நாட்டுக் குடியானவர்களுக்கு இது பழகிய சங்கதி. கிணற்று மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும். குழாயிலோ தண்ணீர் நூலாக வரும். பம்பு தலைமாறிச் சுழல்கிறது என்பதை அவர்கள் உடனே கண்டுகொள்வார்கள்.

அண்மையில் நம் மாணவர் ஒருவரின் தகப்பனார் நடத்தும் சிறிய நிட்டிங் சாலைக்குச் சென்றிருந்தோம். புதிதாக வந்திறங்கிய யந்திரத்துக்கு இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தார் ஒரு மிஸ்திரி. பெல்ட்டை முதலில் கழற்றி வைத்துவிட்டு, சுவிட்சைப் போட்ட மாத்திரத்தில் நிறுத்தி, மோட்டாரின் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று உற்றுப் பார்த்தார். திரும்பியது தவறான பக்கம். மெயினை அணைத்து, இரண்டு கம்பிகளைக் கழற்றி இடம் மாற்றினார். மறுபடி சுவிட்சைப் போட்டார். இம்முறை சரியான பக்கம் திரும்பிற்று.

“இரண்டை மட்டும் மாற்றினீர்களே, மூன்றையும் மாற்றினால் என்ன ஆகும்?” என்று கேட்டோம்.

“மூணையும் வரிசையா ஒரு எடம் நகர்த்திப் போட்டா, பழையபடியேதான் சுத்துமுங்க சார். எந்த ரெண்டையாச்சும் மாத்தோணும்.”

“அது ஏன் அப்படி?”

மிஸ்திரி சிரித்துக்கொண்டே, “அதைச் சார்தான் சொல்லோணும்ங்க. பையன் உங்ககிட்டத்தானுங்களே படிக்கறான்?” என்றார்.

பையன் பக்கத்திலேயே நின்றான். இடக்கை விதியை ஓர் எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கக் கூடியவன். பரீட்சையில் அதற்கு முழு மார்க்கும் வாங்கியவன். ஆயினும் தன் தகப்பனாரின் மோட்டாருக்கும் அந்த விதிக்கும் சம்பந்தம் உண்டு என்பது அவனுக்கு அதுவரை தோன்றவில்லை. சுழற்றத் தெரிந்தவருக்குக் காரணம் எட்டவில்லை. காரணம் படித்தவனுக்குச் சுழல்வது கண்ணில் படவில்லை. இவ்விருவரும் ஒரே கூரையின்கீழ் இருந்தும் இந்த இடைவெளி நீடிப்பது நமக்கு வருத்தத்தை அளித்தது. இக்கட்டுரை எழுதத் துணிந்தது அதனாலேயே.

விஷயத்தின் பூர்வ கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். டென்மார்க் தேசத்துப் பேராசிரியர் எர்ஸ்டெட் என்பவர், மின்சாரம் ஓடும் கம்பியின் அருகே திசைகாட்டும் ஊசி விலகித் திரும்புவதை 1820-ஆம் வருஷத்தில் உலகுக்கு அறிவித்தார். கம்பி காந்தத்தைத் தள்ளுமானால் காந்தமும் கம்பியைத் தள்ளத்தானே வேண்டும்? 1821-இல் லண்டனில் மைக்கேல் பாரடே பாதரசக் கிண்ணத்தில் ஒரு காந்தத்தை நிறுத்தி, அதன் அருகே கம்பியைத் தொங்கவிட்டு, மின்சாரத்தைச் செலுத்தினார். கம்பி காந்தத்தை வலம் வரத் தொடங்கிற்று. மின்சாரத்தால் இடைவிடாத சுழற்சியை மனிதன் உண்டாக்கியது அதுவே முதல் தடவை. இன்று திருப்பூரில் சுழலும் மோட்டார்கள் எல்லாம் அந்தக் கிண்ணத்தின் வமிசத்தைச் சேர்ந்தவையே.

இவ்விசையிலே ஒரு விசித்திரம் உண்டு. உலகில் நாம் பழகிய விசைகள் யாவும் நேர்வழியில் செல்பவை. கயிற்றை இழுத்தால் கயிற்றின் வழியே இழுபடும். கல் பூமியை நோக்கி விழும். இதுவோ அப்படியன்று. மின்சாரம் ஓடும் வழியிலும் தள்ளாது. காந்த சக்தி செல்லும் வழியிலும் தள்ளாது. இரண்டுக்கும் குறுக்காக, மூன்றாவது ஒரு திசையிலே தள்ளும். அந்தக் குறுக்குத் திசையிலும் இரண்டு பக்கம் உண்டல்லவா? எந்தப் பக்கம் என்பதே கேள்வி.

லண்டன் சர்வகலாசாலைக் கல்லூரியில் 1885 முதல் மின்பொறியியல் பேராசிரியராக இருந்த ஜான் ஆம்புரோஸ் பிளெமிங் என்பவர் இதற்கு ஒரு சுலபமான உபாயம் வகுத்தார். பின்னாளில், 1904-இல், ரேடியோவுக்கு ஆதாரமான வால்வைக் கண்டுபிடித்தவரும் இவரே. பாட்டி கதையில் மந்திரக்கோல் தேடிப் போவது போல் எங்கும் போக வேண்டாம், இடக்கையே போதும். இடக்கையின் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய மூன்றையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நீட்டிக்கொள்ள வேண்டும். சுட்டுவிரல் காந்த மண்டலத்தின் திசையைக் காட்டட்டும். அதாவது வடதுருவத்திலிருந்து தென்துருவத்துக்குச் செல்லும் திசை. நடுவிரல் மின்சாரம் ஓடும் திசையைக் காட்டட்டும். அப்போது பெருவிரல் நிற்கும் திசையே கம்பி தள்ளப்படும் திசை. இன்றைய பாடநூல்கள் காந்த மண்டலத்தைக் காந்தப்புலம் என்று வழங்குகின்றன, பெயரே வேறு.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். டார்ச் விளக்குக்குப் போடும் ஒரு பாட்டரியும், மிட்டாய் சுற்றி வரும் வெள்ளித்தாள் போன்ற மெல்லிய அலுமினியத் தாளில் வெட்டிய ஒரு நாடாவும், பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தமும் இருந்தால் போதும். வீட்டுச் சுவரிலுள்ள மின்சாரத்தை இதற்காக ஒருபோதும் தொடலாகாது. அது உயிருக்கு ஆபத்து. வடக்கு நோக்கி உட்கார்ந்துகொள்ளுங்கள். காந்தத்தின் வடதுருவம் மேலே இருக்கும்படி முன்னே வையுங்கள். அதற்குச் சற்று மேலாக, மேற்கிலிருந்து கிழக்காக, அதாவது உங்கள் இடப்புறத்திலிருந்து வலப்புறமாக, நாடாவைத் தளர்த்தியாகப் பிடித்து நிறுத்துங்கள். பாட்டரியின் நேர்முனையை மேற்கு நுனியிலும், எதிர்முனையிலிருந்து வரும் ஒயரைக் கிழக்கு நுனியிலும் ஒரு கணம் தொடும்படி செய்யுங்கள். நாடா உங்கள் மார்பை நோக்கித் துள்ளும். வெகு நேரம் தொட்டுக்கொண்டிருந்தால் தாளும் பாட்டரியும் சூடேறிவிடும். தொட்டவுடன் எடுத்துவிட வேண்டும்.

இனி இடக்கையை நீட்டுங்கள். சுட்டுவிரல் மேல்நோக்கி, நடுவிரல் கிழக்கு நோக்கி. பெருவிரல் எங்கே நிற்கிறது? தெற்கே, உங்கள் மார்புக்கு நேராக. பாட்டரியைத் திருப்பிப் பிடித்தால் நாடா எதிர்ப்பக்கம் துள்ளும். பாட்டரியை விட்டுவிட்டுக் காந்தத்தை மட்டும் புரட்டி வைத்தாலும் எதிர்ப்பக்கமே. இரண்டையும் ஒருங்கே மாற்றினாலோ, பழையபடி மார்பை நோக்கியே வரும். இந்தக் கடைசிச் சோதனையை மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம், பின்னால் உதவும்.

தெற்குப் பக்கம் ஏன் தள்ள வேண்டும்? மின்சாரம் ஓடும் கம்பி தன்னைச் சுற்றியும் ஒரு காந்த மண்டலத்தை வளையமாக உண்டாக்குகிறது. நமது சோதனையில், நாடாவின் வடபுறம் அந்த வளையம் மேல்நோக்கிச் செல்கிறது. காந்தத்தின் சக்தியும் மேல்நோக்கியே செல்வதால் அங்கே இரண்டும் சேர்ந்து வலுக்கின்றன. தென்புறத்தில் வளையம் கீழ்நோக்கி இறங்குவதால் ஒன்றையொன்று எதிர்த்து மெலிகின்றன. தேர்த் திருவிழாவிலே ஜன நெருக்கம் மிகுந்த பக்கத்திலிருந்து மனிதன் நெருக்கம் குறைந்த பக்கத்துக்குத் தள்ளப்படுவதில்லையா? அதுபோல் கம்பியும் மெலிந்த பக்கத்துக்குத் தள்ளப்படுகிறது. உவமானம் முற்றிலும் பொருந்துவதன்று. எனினும் திசையை நினைவில் நிறுத்த இதைவிட நல்லது நமக்குத் தெரியாது.

விசையின் அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. காந்தத்தின் வலு, மின்சாரத்தின் அளவு, கம்பியின் நீளம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் விசை கிடைக்கும். அரை டெஸ்லா வலுவுள்ள காந்த மண்டலத்தில் 10 சென்டிமீட்டர் கம்பியில் 4 ஆம்பியர் ஓடினால் விசை 0.2 நியூட்டன், ஏறக்குறைய 20 கிராம் எடையைக் கையில் வைத்தாற்போல. ஒரு கம்பிக்கு இது அற்பந்தான். மோட்டாரில் கம்பிச் சுற்றுக்கள் நூற்றுக்கணக்கில் இருப்பதால் அற்பங்கள் சேர்ந்து யந்திரத்தையே சுழற்றுகின்றன. இக்கணக்கு கம்பியும் காந்த மண்டலமும் செங்குத்தாக இருக்கும்போது மட்டும் செல்லும். சாய்ந்தால் விசை குறையும். கம்பி காந்த மண்டலத்தின் வழியிலேயே கிடந்தால் விசை அடியோடு இல்லை.

பூமியும் ஒரு காந்தம் என்பதால் நம் தலைக்குமேல் செல்லும் கம்பிகளும் இவ்விதிக்குத் தப்புவதில்லை. பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தென்கோடிக்கு அருகே செல்கிறது. 1963-இல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்தது அதன்பொருட்டே. ஆகவே திருப்பூரில் பூமியின் காந்த சக்தி ஏறக்குறையக் கிடையாக, வடக்கு நோக்கிச் செல்கிறது. ஒரு பாட்டரியிலிருந்து மேற்கே தொடங்கிக் கிழக்கே மின்சாரம் ஓடும் கம்பியை அது எப்பக்கம் தள்ளும்? வாசகர்கள் இடக்கையை நீட்டிப் பார்த்துக்கொள்ளலாம். மேல்நோக்கித் தூக்கும் என்பதே விடை. தூக்கும் அளவோ ஒரு மீட்டர் கம்பிக்கு 10 ஆம்பியர் ஓடினாலும் சில அரிசிமணிகளின் எடை அளவுக்கு மேல் போகாது.

வகுப்பறையில் நேரும் குழப்பம் ஒன்றையும் சொல்ல வேண்டும். வலக்கையை நீட்டினால் விடை சரியாக நேர்மாறாக வரும். வலக்கையில் பேனா பிடிக்கும் பிள்ளைகளுக்கு இதில் ஓர் அதிருஷ்டம்: சும்மா இருப்பது இடக்கை, தன்னையறியாமல் அதுவே நீள்கிறது. இடக்கையால் எழுதும் பிள்ளைகள்தான் பாவம். பேனாவைக் கீழே வைக்க மனமின்றி வலக்கையை நீட்டி, விதியை நன்கு அறிந்திருந்தும் விடையைத் தவற விடுகிறார்கள். பரீட்சைக்கு முன் அவர்களை மட்டும் தனியே அழைத்துச் சொல்லிவைப்பது நமது வழக்கம்.

இன்னொரு சந்தேகம் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு வரும். கம்பியில் உண்மையாக ஓடுபவை எலெக்டிரான்கள். அவை எதிர்முனையிலிருந்து நேர்முனைக்கு ஓடுகின்றன. அப்படியிருக்க நடுவிரலை எதிர்த்திசையில் நீட்டுவது பொய்யல்லவா என்பார்கள். நேர்முனையிலிருந்து எதிர்முனைக்கு ஓடுவதே மின்சாரத்தின் திசை என்று உலகம் ஒப்புக்கொண்ட பல காலத்துக்குப் பின்னர், 1897-இல்தான் எலெக்டிரானைத் தாம்ஸன் கண்டறிந்தார். பழைய வழக்கே நிலைத்துவிட்டது. பிளெமிங்கின் விதியும் அவ்வழக்கை ஒட்டியே அமைந்தது. வடதுருவம் என்று எதைச் சொல்வது என்பதும் மனிதர் செய்துகொண்ட ஏற்பாடுதான். இயற்கைக்கு இடக்கையும் இல்லை, வலக்கையும் இல்லை. ஒரே திசையில் மின்சாரம் ஓடும் இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று இழுக்கும் என்று பிரான்ஸ் தேசத்து ஆம்பியர் 1820-இல் கண்ட உண்மையைச் சோதிக்க எந்தக் கையும் வேண்டியதில்லை.

மோட்டாருக்கு இடக்கை என்றால், மின்சாரத்தை உண்டாக்கும் ஜெனரேட்டருக்கு வலக்கை. அங்கே கம்பியை நாம் சுழற்றுகிறோம், மின்சாரம் பிறக்கிறது. விரல்களுக்குரிய பொருள் அதுவே. கை மட்டும் மாறும். நீலகிரியில் பைகாரா நதியின் நீரை ஏறத்தாழ 3000 அடி வீழ்த்தி மின்சாரம் எடுக்கும் நிலையம் 1932-ஆம் வருஷத்தில் இயங்கத் தொடங்கியபோது கோயமுத்தூர்ச் சீமையின் தலையெழுத்தே மாறிற்று. மில்கள் பெருகின. 1920-களில் கையால் சுழற்றும் பின்னல் யந்திரங்களோடு தொடங்கிய திருப்பூர்ப் பனியன் தொழிலும் பிற்பாடு மின்சாரத்துக்கு மாறியது. மலைமேல் வலக்கை, சமவெளியில் இடக்கை, நடுவே நெடுந்தூரம் செல்லும் கம்பி. கொங்கு நாட்டின் தொழில் வளர்ச்சி இவ்வளவையும் கொண்டது.

மலையின் நீர் நமதாயிருந்தும், அந்நாளில் மோட்டார்கள் பெரும்பாலும் கடல் கடந்தே வந்தன. பள்ளிப் படிப்பு அதிகம் பெறாத ஜி. டி. நாயுடு அவர்களும், டி. பாலசுந்தரம் அவர்களும் 1937-இல் கோயமுத்தூரை அடுத்த பீளமேட்டில் ஒரு மின்சார மோட்டாரைச் செய்து முடித்தார்கள். இந்தியாவிலேயே உருவான முதல் மோட்டார் என்று போற்றப்படுவது அது. செப்புக் கம்பியை எத்தனை சுற்றுச் சுற்றுவது, எந்த முனையை எதனோடு சேர்ப்பது என்பதையெல்லாம் தாமே ஆராய்ந்து செய்தவருக்கு, விசையின் திசை புத்தகத்து விஷயமாக இருந்திருக்க முடியாது. பின்னர் கோவையின் மோட்டாரும் பம்பும் நாடெங்கும் சென்றன.

இனி மிஸ்திரியின் கேள்விக்கு வருவோம். அதற்குமுன் வீட்டு மிக்ஸியை ஒரு தரம் பாருங்கள். நம் வீடுகளுக்கு வருவது மாறு மின்சாரம்; விநாடிக்கு 100 தடவை திசை மாறுகிறது. அப்படியானால் மிக்ஸி முன்னும் பின்னுமாக நடுங்கிக்கொண்டல்லவா நிற்க வேண்டும்? ஒரே பக்கமாகச் சுழல்வது எப்படி? அதனுள் இருக்கும் காந்தமும் மின்சாரத்தால் ஆனதே. ஒரே மின்சாரம் காந்தத்தின் சுற்றிலும் சுழலும் பகுதியின் சுற்றிலும் தொடர்ந்து ஓடுவதால், திசை மாறும்போது சுட்டுவிரலும் நடுவிரலும் ஒருங்கே திரும்புகின்றன. பெருவிரல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வெள்ளித்தாள் சோதனையில் இரண்டையும் மாற்றியபோது கண்டது இதுவே. ஆகையால் மிக்ஸியின் பிளக்கைத் திருப்பிச் செருகினாலும் அது தலைமாறிச் சுழலாது.

நிட்டிங் சாலையின் மும்முனை மோட்டார் வேறு ஜாதி. அதில் வெளிவட்டத்தில் மூன்று தொகுதிச் சுற்றுக்கள் உண்டு. மூன்று கம்பிகளில் வரும் மின்சாரமும் ஒரே சமயத்தில் உச்சத்தை எட்டுவதில்லை. விநாடியில் 150-இல் ஒரு பங்கு இடைவெளி விட்டு, ஒன்றன்பின் ஒன்றாக எட்டும். வட்டமாக வைத்த மூன்று விளக்குகளை வரிசையாக ஏற்றி அணைத்தால் வெளிச்சம் சுற்றி வருவதுபோல் தோன்றுமல்லவா? அதுபோல் காந்த மண்டலமே மோட்டாருக்குள் சுற்றி வருகிறது. டெஸ்லா 1888-இல் வெளியிட்ட சூழ்ச்சி இந்தச் சுழலும் காந்தந்தான். அது உள்ளேயிருக்கும் உலோகக் கம்பிகளைக் கடந்து செல்லும்போது அவற்றில் மின்சாரம் பிறக்கிறது. அதன் திசைக்கு வலக்கை. பிறந்த மின்சாரத்தின்மேல் அதே காந்தம் விசை செலுத்துகிறது. அதன் திசைக்கு இடக்கை. இரண்டு கைகளையும் அடுத்தடுத்து நீட்டிப் பார்ப்பவருக்கு ஓர் இனிய முடிவு கிட்டும்: காந்தம் எப்பக்கம் சுழல்கிறதோ அப்பக்கமே கம்பியும் தள்ளப்படுகிறது.

ஆகவே காந்தம் சுழலும் திசையை மாற்றினால் மோட்டாரின் திசை மாறும். ஆர், ஒய், பி என்று வரிசையாக வரும் மூன்றையும் ஓர் இடம் நகர்த்தினால் ஒய், பி, ஆர் ஆகும். வட்டத்தில் எங்கிருந்து எண்ணத் தொடங்கினோம் என்பது மாறியதேயன்றி, சுற்றும் முறை மாறவில்லை. இரண்டை மட்டும் இடம் மாற்றினால் ஒய், ஆர், பி ஆகும். இப்போது வரிசையே தலைகீழ். மூன்று விளக்குகளில் இரண்டை இடம் மாற்றி வைத்து ஏற்றிப் பாருங்கள். வெளிச்சம் எதிர்ப்பக்கம் ஓடும். நம் மாணவன் அன்று மாலையே தீபாவளிச் சர விளக்கைப் பிரித்து இதைச் செய்து பார்த்ததாக அவன் தகப்பனார் சொன்னார். விளக்குச் சரம் பின்னர் எரிந்ததா என்று நாம் கேட்கவில்லை.

இப்போது வரும் பல யந்திரங்களில் இன்வெர்ட்டர் என்னும் கருவி உண்டு. அது வெளியிலிருந்து வரும் மும்முனை மின்சாரத்தை முதலில் ஒரே திசை மின்சாரமாக்கி, பிறகு தானே புதிதாக மூன்று வரிசைகளை உண்டாக்கி மோட்டாருக்குக் கொடுக்கிறது. தெருமுனையில் கம்பி இடம் மாறினாலும் மோட்டாருக்குத் தெரியாது. இன்வெர்ட்டர் இல்லாத பழைய யந்திரங்களுக்கு, வரிசை தவறினால் மின்சாரத்தையே செல்ல விடாத காவல் ரிலே ஒன்றைச் சிலர் பொருத்திவைக்கிறார்கள். எனினும் இன்வெர்ட்டருக்கும் மோட்டாருக்கும் நடுவே செல்லும் மூன்று கம்பிகளை இணைப்பது இன்னும் மனிதன்தான். பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு கணம் ஓட்டிப் பார்க்கும் வழக்கத்தை நம் மிஸ்திரி விடவில்லை.